மூன்றாம் முனையின் வரலாறு: லாலாகுடாவும் மின் அடுப்பும்

நிஜாம் உத்தரவாத அரசு இரயில்வே 1893-இல் லாலாகுடாவில் பணிமனை நிறுவியது. இத்தகைய பழைய தொழிற்பகுதிகளின் வீடுகளில் மின் அடுப்பைப் பொருத்துமுன், சுவரிலுள்ள கம்பியின் வரலாற்றை அறிய வேண்டும். இந்திய வீடுகளுக்குள் மின்சாரம் முதலில் விளக்காகவே நுழைந்தது. அடுக்களை வெப்பத்திற்கு நெடுங்காலம் கழித்தே பயன்பட்டது.

1934-இல் வெளியான பிரித்தானியத் தரநிலை பி.எஸ். 546, செருகிகளை 2, 5, 15, 30 ஆம்பியர் என வகுத்தது. அவ்வழிவந்த இந்தியத் தரநிலையில் இன்று 6, 16 ஆம்பியர் செருகிகள் உள்ளன. 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கென இழுக்கப்பட்ட மெல்லிய கம்பியில் அதைப் பொருத்தினால், கம்பி சூடேறிக் காப்புறை உருகும். எனவே 16 ஆம்பியர் இணைப்பும் தனிக்கம்பியும் இன்றியமையாதவை.

செருகியின் மூன்றாம் முனை நீண்டிருப்பதற்குக் காரணமுண்டு: புவி இணைப்பு முதலில் சேர்ந்து, இறுதியில் பிரிய வேண்டும். அடுப்பின் உலோக உடலில் கசியும் மின்சாரத்தை அதுவே நிலத்திற்குக் கடத்தி, உருகியை அறுக்கச் செய்கிறது. அவ்விணைப்பு இல்லாத வீட்டில், சமைப்பவரின் உடலே புவி இணைப்பாகிவிடும்.