முஸாபிரின் மடிச்சீலை



யமன் நாட்டவர் சிலர் கைப்பொருள் ஏதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வந்தனர். "நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்" என்றனர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினர். வழிச்செலவுக்குரியதைத் தேடிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இவர்கள் விஷயத்திலேயே இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதை புகாரீயில் காண்கிறோம். ஆகவே, பயணத்திற்குப் பொருள் சேர்ப்பதும் அதைப் பாதுகாப்பதும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. பிறரிடம் கையேந்தாமல் மானத்தைக் காக்கும் வழி அதுவே.

ஆனால் பொருளைச் சுமந்து செல்வது அன்று எளிதாக இருந்ததா? பாலைவனப் பாதையில் கொள்ளையர் பயம். கடலில் புயல் பயம். எனவே முன்னோர் ஒரு வழி கண்டனர். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அப் அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். மக்கள் அங்கு சென்று தம் பணத்தைப் பெற்றுக்கொள்வர். இதற்கு 'ஸுஃப்தஜா' என்று பெயர்.

இது குறித்து நமது இமாம்கள் எத்துணை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர் என்பதைப் பாருங்கள். கடன் கொடுப்பவர், "வேறு ஊரில் திருப்பித் தர வேண்டும்" என்று நிபந்தனை விதித்தால், வழிப்பறி ஆபத்திலிருந்து தப்பும் பலனை அக்கடன் மூலம் அடைகிறார். கடனால் பலன் பெறுவது வட்டியின் வாசலல்லவா? எனவே ஷாஃபிஈ மத்ஹபில் இந்நிபந்தனை கூடாது என்றும், ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் என்றும் கூறினர். நிபந்தனை ஏதுமின்றி நடந்தால் குற்றமில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் தவறேதும் காணவில்லை என்ற அறிவிப்பும் உண்டு.

நாஸிர் குஸ்ரூ என்னும் பாரசீகப் பயணி 1050இல் செங்கடல் துறைமுகமான அய்தாபில் மூன்று மாதம் தங்க நேர்ந்தது. கைப்பொருள் தீர்ந்தது. அஸ்வானில் இருந்த நண்பர் ஒருவர், "இவர் கேட்பதைக் கொடுத்து என் கணக்கில் எழுதுக" என்று தம் முகவருக்குக் கடிதம் கொடுத்திருந்தார். அக்கடிதத்தைக் காட்டி மாவு பெற்றுப் பசியாறினார் அப்பயணி. அங்கே செல்லுபடியானது தங்கமோ வெள்ளியோ அன்று; ஒரு மனிதரின் நாணயம்!

நமது காலத்தை ஒட்டிய செய்திக்கு வருவோம். ஸவூதியில் நெடுங்காலம் வெள்ளி ரியாலே புழங்கியது. ஒரு ரியாலின் எடை சுமார் 11.6 கிராம், ஆயிரம் ரியால் என்றால் 11 கிலோவுக்கும் மேல்! இச்சுமையைக் குறைக்க, ஸவூதி நாணய வாரியம் 1953இல் 'ஹாஜிகள் ரசீது' என்ற பத்து ரியால் தாளை வெளியிட்டது. ஹாஜிகள் திரும்பிய பின்னும் மக்கள் அவற்றை வெள்ளியாக மாற்றாமல் கைமாற்றிக்கொண்டே இருந்தனர். 1961இல் முறையான காகிதப் பணம் வருவதற்கு இந்த ரசீதே பாதை அமைத்தது.

நம் நாட்டில், வளைகுடாவுக்குச் சென்ற ரூபாய் நோட்டுகள் தங்கக் கடத்தலுக்குப் பயன்பட்டதால், 1959இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கெனத் தனி நோட்டுகளை அச்சிட்டது. ஹாஜிகளுக்கென 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் வேறு நிறத்தில், எண்ணுக்கு முன் 'எச்.ஏ.' என்ற எழுத்துகளுடன் வெளிவந்தன. அவை இந்தியாவிற்குள் செல்லாது.

இன்று மடிச்சீலையின் இடத்தில் வங்கி அட்டை வந்துவிட்டது. வடிவம் மாறினாலும் சட்டம் மாறவில்லை. உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கழிக்கும் டெபிட் அட்டைக்கு வங்கி பெறும் கட்டணம் சேவைக்கான கூலி. கடன் அட்டையால் ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ, பெரும்பாலும் அன்றே வட்டி ஏறத் தொடங்கிவிடும். இறையில்லத்தின் நிழலில் நின்றுகொண்டு வட்டிக்குக் கையெழுத்திடலாமா? சிந்தியுங்கள்!

பயணம் புறப்படும் முன் வங்கிக்குத் தெரிவியுங்கள். ரொக்கம் முழுவதையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கணவனும் மனைவியும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரகசிய எண்ணை அட்டையுடன் எழுதி வைக்காதீர்கள். "ரூபாயா, ரியாலா?" என்று கருவி கேட்டால் ரியாலையே தேர்ந்தெடுங்கள், ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அட்டை தொலைந்தால் உடனே முடக்குவதற்கான எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிறர் உங்களிடம் கொடுத்தனுப்பும் பணம் அமானிதம். அதை உங்கள் செலவுப் பணத்துடன் கலந்துவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஹலாலான பொருளைக் கொண்டு அமைத்து, எவரிடமும் கையேந்தாத கண்ணியத்துடன் நம்மை இல்லம் திரும்பச் செய்வானாக! ஆமீன்.