நாம் வெறுத்த நடுமுற்றம்

பழைய வீடென்றால் நம்மவருக்கு ஒரு வெட்கம். ஓடு ஒழுகும், சுண்ணாம்பு உதிரும், சிவப்புச் சீமெந்துத் தரை ‘பழைய மோஸ்தர்’. ஆகவே தரைக்கு டைல்ஸ் பதித்தோம், நடுமுற்றத்தை மூடி கொங்கிறீட் பிளேட் அடித்தோம். இப்போது பகலிலும் லைட், இரவெல்லாம் ஃபேன். கரண்ட் பில் வந்தால் மட்டும் அரசாங்கத்தை ஏசுகிறோம்.

காலிக் கோட்டையைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த இடம். அங்குள்ள பழைய வீடுகளுக்குப் பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர். தெருப்பக்கம் தூண் வைத்த விறாந்தை, உள்ளே திறந்த முற்றம். சூடான காற்று முற்றத்தால் மேலே போகும்; விறாந்தைப் பக்கத்தால் நிழற்காற்று உள்ளே வரும். முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் அவை.

கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா, ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் நடுவிலும் முற்றம்தான். படித்த கட்டடக்கலைஞர் திரும்பிப்போன இடத்தை நாம் மூடிக்கொண்டிருந்தோம்.

1988இல் கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு வெளிநாட்டார் வந்து வீடுகளை வாங்கினார்கள், திருத்தி ஹோட்டலாக்கினார்கள். விற்றவர்களில் நம்மவரும் உண்டு. பணமுடை வந்தால் யாரும் விற்பார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதே முற்றத்தில் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க இன்று காசு கட்டவேண்டும்.

நம்மூரில் நடுமுற்றம் உள்ள வீடு யாரிடமாவது மிச்சம் இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். உடைக்க முன் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டவேண்டும்.