பேருந்தை எரித்த முதலாளி



மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவரும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் பேஸ்பால் என்று வழங்குவர். அங்கே குழுக்கள் பெரும்பாலும் ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கி ஆடும். பெயர் ஊருடையது, உடைமையோ முதலாளியுடையது. இவ்விரண்டுக்கும் பிணக்கு நேர்ந்தால் என்னவாகும் என்பதை மிஸௌரி மாநிலத்துக் கான்ஸாஸ் நகரத்தார் நன்கறிவர்.

பிலடெல்பியாவிலிருந்த அத்லெட்டிக்ஸ் குழு 1955-இல் அந்நகரத்துக்கு வந்தது. அவ்வாண்டில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்து கண்டனர். ஆனால் உரிமையாளர் ஆர்னால்டு ஜான்சன், தேர்ந்த ஆட்டக்காரர்களை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1959 டிசம்பரில் அவ்வாறு சென்ற ராஜர் மாரிஸ், 1961-இல் 61 ஹோம் ரன்கள் அடித்துப் பழைய சாதனையை முறியடித்தார். தாம் தீனியிட்ட கன்று அயலான் தொழுவத்தில் பசுவாகிப் பால் சொரிந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஜான்சன் 1960-இல் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் குழுவை வாங்கியவர் சார்லஸ் பின்லி என்னும் காப்புறுதி வணிகர். அவர் ஒரு பழைய பேருந்தை வாங்கி, நியூயார்க்கை நோக்கி நிறுத்தி, தீயிட்டுக் கொளுத்தினார். இனி யாங்கீஸுக்கு ஆள் அனுப்புவதில்லை என்பது அதன் பொருள். நகரமே மகிழ்ந்தது.

நானும் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், மாணவர் முன்னிலையில் ஒரு பிரம்பை ஒடித்துப் போட்டவன். அன்று எழுந்த கரவொலி இன்னும் காதில் இருக்கிறது. தீபாவளிக்குள் வேறு பிரம்பு வாங்க நேர்ந்ததையும் மறைப்பானேன்!

பின்லிக்கு அத்தனை நாளும் ஆகவில்லை. 1961 ஜூன் மாதத்திலேயே பட் டேலி என்ற பந்துவீச்சாளரை யாங்கீஸுக்கே கொடுத்தார். 1964 ஜனவரியில் குழுவை லூயிவில் நகரத்துக்குக் கொண்டுபோக ஒப்பந்தம் செய்தார். மற்ற உரிமையாளர்கள் 9-க்கு 1 என்ற வாக்கில் அதைத் தடுத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் 1,50,000 டாலர் தந்து பீட்டில்ஸ் இசைக் குழுவினரை ஆட்டத் திடலில் பாடவைத்தார். ஊராரின் மனம் அதனாலும் இளகவில்லை. எப்போது மூட்டை கட்டுவாரோ என்று ஐயுறும் வீட்டில் யார் விருந்துண்ண விரும்புவர்? 1965-இல் காண வந்தோர் தொகை 5 இலட்சத்து 28 ஆயிரமாகச் சுருங்கியது. கூட்டம் வரவில்லையென்று முதலாளி குறைகூற, முதலாளியை நம்ப முடியவில்லையென்று ஊரார் குறைகூறினர். முதலில் நம்பிக்கையைக் கெடுத்தவர் முதலாளியே என்பது என் துணிபு.

1967 அக்டோபரில் ஓக்லண்டுக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. கான்ஸாஸ் நகரத்துக்கு 1969-இல் ராயல்ஸ் என்னும் புதிய குழு வாய்த்தது.

ஒன்று சொல்லவேண்டும். இளைஞரின் திறமையை இனங்காணும் கண் பின்லிக்கு இருந்தது. ஹன்டர், காம்பனேரிஸ், பாண்டோ, ஜாக்சன் ஆகியோர் கான்ஸாஸ் நகரத்திலேயே அவர் குழுவில் ஆடத் தொடங்கியவர்கள். 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஓக்லண்டு குழுவே வாகை சூடியது. அந்த வெற்றிச் செய்திகளில் வந்த பெயர்கள் பல, கான்ஸாஸ் நகரத்தாருக்குப் பழகிய பெயர்கள்.