ஊமைக்காயம்

ஊமை + காயம். தோல் கிழியாமல், ரத்தம் வெளிவராமல் உள்ளே கன்றிப்போன அடி. ‘ஊமை’ இங்கே பேசாதவரைக் குறிக்கவில்லை. வெளியே தெரியாததைக் குறிக்கிறது. ஊமைவெயில், ஊமைக்குசும்பு என்பவையும் அப்படித்தான். ‘காயம்’ உடலுக்கும் பெயர், புண்ணுக்கும் பெயர். வெங்காயத்திலோ அது உறைப்பு. புண் என்ற பொருளில் தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் உண்டு.

வைகை அணைப் பக்கம் வீட்டில் அடிபட்ட பெண், “ஒண்ணுமில்ல டாக்டர், ஊமைக்காயந்தான்” என்று சொல்லக்கூடும். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் விபத்துப் பதிவேட்டில் அது அப்படிப் பதிவாகாது. உடலில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன வடிவம், என்ன நிறம், யாரால், எதனால் அடிபட்டதாகச் சொல்கிறார் என்று எழுத வேண்டும். நிறம் முக்கியம்: சிவப்பு நீலமாகி, கருத்து, பச்சையாகி, மஞ்சளாகி, ஏறக்குறைய 2 வாரத்தில் மறையும். பழைய மஞ்சளும் புதிய சிவப்பும் ஒரே உடலில் இருந்தால், அடி ஒரு நாளோடு நிற்கவில்லையோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார் பதிவாகவில்லை என்று காரணம் காட்டி மருத்துவமனை பரிசோதனையை மறுக்க முடியாது. அறிக்கை நகலும் இலவசம். ஊமைக்காயம் எழுத்தில்தான் பேசும். நிறம் மறையுமுன் போய்க் காட்டுங்கள்.