நிலமும் நடையும்: யாவாக் கிராமத்தில் உடைமையும் பயணமும்

யாவாத்தீவின் உழவர் பற்றி எழுதிய ஒல்லாந்த உத்தியோகத்தர் பலர் அவர்களை மண்ணோடு ஒட்டிப் பிறந்த மக்களாகவே கண்டனர். பிறந்த ஊரைவிட்டு அவர்கள் அகலமாட்டார்கள். ஊரின் நிலம் ஊரார் அனைவருக்கும் பொது. வெளியுலகின் தேவை அவர்களுக்கு இல்லை என்பது அவ்வுத்தியோகத்தரின் முடிபு. உண்டாலும் உண்ணாவிடினும் கூடியிருத்தலே வேண்டும் என்னும் பொருளுடைய யாவாப் பழமொழி ஒன்றும் இதற்குத் துணையாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. பழமொழியைக் கொண்டு ஒரு மக்களின் வரலாற்றை எழுதிவிடுவது எளிது. ஆனால் நடுயாவா, கீழ்யாவாக் கிராமங்களின் வரலாற்றை நுணுகி நோக்குவோருக்கு, யாவா உழவன் நெடுங்காலம் நடமாடித் திரிந்தவன் என்பதும், அவனை நிலத்தோடு பிணைத்தவை மரபினும் பார்க்க வரியும் ஊழியமுமே என்பதும் புலனாகும்.

1811 முதல் 1816 வரை பிரித்தானியர் சார்பில் யாவாவின் துணைத் தேசாதிபதியாக இருந்த ஸ்ரம்போர்ட் றாபிள்ஸ், 1817 இல் வெளியிட்ட தமது யாவா வரலாற்றில் அந்நாட்டுக் கிராமத்தின் தோற்றத்தை வருணித்துள்ளார். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வீடு எதுவும் தென்படாது. வயல்வெளியின் நடுவே மரச்சோலை ஒன்றே தென்படும். அச்சோலைக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலியடைத்த வளவு ஒன்று உண்டு. தென்னை, வாழை, பலா, மூங்கில், கிழங்கு, மூலிகை ஆகியன அதனுள் நெருங்கி வளரும். இதனை யாவா மொழியிற் பெகாரங்கன் என்பர். சோலைக்கு வெளியே நீர் கட்டி நெல் நடும் சவா வயலும், நீர் ஏறாத தெகல் என்னும் மேட்டுநிலமும் பரந்து கிடக்கும். இவற்றின் மீதான உரிமைகள் ஒரே தன்மையன அல்ல. வளவு, அதனை வெட்டித் திருத்தியவனுக்கும் அவன் வழியினர்க்கும் உரியதாகப் பெரும்பாலும் கொள்ளப்பட்டது. வயலோ சில மாவட்டங்களில் தனியுடைமை. வேறு சிலவற்றில் ஊர்ப்பொதுவாக இருந்து காலத்துக்குக் காலம் பங்கிடப்படுவது.

வீட்டைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். யாவா வீட்டின் தூண்களும் உத்தரங்களும் துளையிற் கழுந்து செருகிப் பொருத்தப்பட்டவை. சாதாரண வீடுகளின் சுவர் முடைந்த மூங்கிற் பாய். எனவே வீட்டைக் கழற்றிச் சுமந்து சென்று வேறோரிடத்தில் மீண்டும் நாட்ட முடியும். அயலவர் கூலியின்றிக் கூடி உதவும் சம்பத்தான் என்னும் வழக்கம் இதற்குத் துணைநின்றது. வீடு அசையும் பொருள்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட சமூகத்தில், குடிபெயர்தல் இன்று தோன்றுவது போன்ற பெருஞ்செயலாக இருந்திருக்க இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னர் யாவாவில் அரிதாக இருந்தது நிலமன்று, மனிதரே. 1755 இல் கியந்தி உடன்படிக்கையின்படி மாத்தராம் அரசு சூராகர்த்தா, யொக்யகர்த்தா என இரண்டாகப் பிரிந்தபோது, பங்கிடப்பட்டது பரப்பளவால் அளந்த நிலம் அன்று; சாச்சா எனப்பட்ட குடியலகுகளே பங்கிடப்பட்டன. இதனால் ஒரு மன்னனின் ஊர்களும் மற்றவனின் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. ஒரு பிரபுவின் செல்வம் அவனுக்கு உழைக்கும் குடிகளின் தொகையே. குடிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். வரிதண்டுபவனின் கொடுமை எல்லை கடந்தால் அவர்கள் இரவோடிரவாக அயலிலுள்ள வேறொரு பிரபுவின் நிலத்துக்குச் சென்றுவிடுவர். அங்கே தரிசு நிலமும் இருந்தது, வரவேற்பும் இருந்தது. கிளர்ச்சி செய்வதிலும் பார்க்க நடந்துபோய்விடுவதே வலிமைமிக்க எதிர்ப்பாக அமைந்தது.

எனினும் எல்லாரும் ஒருபடித்தாக நடமாடினர் எனல் பொருந்தாது. ஊரின் மையத்தில் சிகெப் எனப்பட்ட நிலமுடைய குடிகள் இருந்தனர். வயலும் வளவும் அவர்களுடையன. அரசனுக்குரிய வரியும் ஊழியமும் அவர்களையே சார்ந்தன. அவர்களை அண்டி, அவர்களுடைய வளவிற் குடிசை அமைத்து, அவர்களுக்காக உழுதும் சுமந்தும் வாழ்ந்தோர் நும்பாங் எனப்பட்டனர். அச்சொல்லின் பொருள் பிறரது இடத்தில் ஒதுங்கியிருப்பவர் என்பதாகும். இன்றும் வழியில் ஒருவரது வாகனத்தில் ஏறிச் செல்லுதலையும் அதே சொல்லாற் குறிக்கின்றனர். நிலமற்றவனையும் பயணியையும் ஒரே சொல் குறிப்பது தற்செயல் என ஒதுக்கிவிடத்தக்கதன்று. ஊர்த்தலைவனாகிய லூராவுக்குச் சம்பளமில்லை. பதவியில் உள்ளவரை அனுபவிக்கும் பெங்கோக் என்னும் வயலே அவனது ஊதியம். ஊரின் நல்ல வயலிற் கணிசமான பங்கு இவ்வாறு அவன் கையிலும் ஏனைய ஊரலுவலர் கையிலும் இருந்தது.

இந்நிலையை முதலிற் கலைத்தது வீதி. 1808 இல் ஆளுநராக வந்த டாண்டெல்ஸ், மேற்கே அன்யெர் முதல் கிழக்கே பனாருக்கான் வரை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளமான அஞ்சற் பெருவீதியை ஊழிய உழைப்பினாற் சமைப்பித்தார். அதனை வெட்டியோரும், பின்னர் ஆண்டாண்டாகச் செப்பனிட்டோரும் வீதியோரக் கிராமத்தவரே. ஆயினும் அவர்களது எருமை வண்டிகள் அவ்வீதியில் ஓடுவதற்குத் தடை இருந்தது. அவற்றுக்கெனப் பக்கத்தே மண்தடம் ஒன்று விடப்பட்டது. உத்தியோகத்தரின் குதிரை வண்டி கல்வீதியிற் பறந்தது. அதனை அமைத்தவனின் வண்டி சேற்றிற் புதைந்தது.

சுல்தான்களின் நாட்டிலே நடைபாதையும் இலவசமாக இருக்கவில்லை. சுங்கக் கடவைகளை அரசிடம் குத்தகைக்கு எடுத்தோர் சந்தைக்குப் போகும் சுமைகள் மீது தீர்வை தண்டினர். குத்தகைத் தொகை ஏற ஏற, கடவைகள் பெருகின. அரிசியும் பருத்தியும் சுமந்து சென்றவர் ஊருக்குத் திரும்புகையிற் கையில் மிஞ்சியது குறைந்தது. இக்குத்தகைகள் பெரும்பாலும் சீன வணிகரிடம் இருந்தமையால் மக்களின் கோபம் அவர்கள் மீது திரும்பிற்று. குத்தகைப் பணத்தை எண்ணி வாங்கிய அரண்மனையும் ஒல்லாந்த அரசும் அக்கோபத்துக்குச் சற்று மறைவிலே நின்றன. 1825 ஆம் ஆண்டு யூலையில் யொக்யகர்த்தாவை அடுத்த தெகல்ரெஜோவில் இளவரசர் திபோநெகோரோவின் நிலத்தினூடாகப் புதிய வீதியொன்றுக்கு அடையாள முளைகள் அறையப்பட்டன. அம்முளைகள் பிடுங்கப்பட்டதிலிருந்து மூண்ட போர் 1830 வரை நீடித்து, ஏறத்தாழ இரண்டு இலட்சம் யாவா மக்களின் உயிரைக் குடித்தது. சமயமும் அரண்மனைப் பூசலும் அப்போரின் காரணங்களாகப் பேசப்படுவது நியாயமே. ஆனால் கிராமத்தவர் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தமையையும், போரின் தொடக்கத்திலேயே சுங்கக் கடவைகள் எரிக்கப்பட்டமையையும் நோக்குமிடத்து, நிலமும் வழியும் பற்றிய குறை அதன் அடியில் இருந்தமை தெளிவு.

போரில் ஏற்பட்ட செலவையும் தாய்நாட்டின் கடனையும் ஈடுசெய்ய ஒல்லாந்தர் 1830 இற் புகுத்தியதே கட்டாயப் பயிர்ச்செய்கை முறை. வான் டென் பொஸ் வகுத்த திட்டத்தின்படி, ஊர் நிலத்தின் ஐந்திலொரு பங்கிற் கரும்பு, அவுரி முதலிய ஏற்றுமதிப் பயிர்கள் அரசுக்காக விளைவிக்கப்படவேண்டும். நிலமில்லாதார் ஆண்டுக்கு 66 நாள் உழைக்கவேண்டும். நடைமுறையில் இவ்வெல்லைகள் பல இடங்களில் மீறப்பட்டன. கிராம வாழ்வில் இம்முறை விளைத்த மாற்றங்களுள் நிலவுடைமை பற்றியது வியப்புக்குரியது. ஊழியம் நிலத்தைப் பற்றியே வந்தமையால், நிலம் வைத்திருத்தல் பேறாக அன்றிப் பாரமாக மாறிற்று. பாரத்தைப் பகிர ஆட்கள் வேண்டும். ஆகவே பல ஊர்களில் நிலமற்றோருக்கும் வயற்பங்கு வழங்கப்பட்டது, பங்குகள் சிறுத்தன, தனியுடைமையாக இருந்த வயல்கள்கூட ஊர்ப்பொதுவாக்கப்பட்டுச் சுழற்சியிற் பங்கிடப்பட்டன. பழைய நும்பாங் பலர் இப்போது காணியாளராயினர். ஆனால் அவர்கள் பெற்றது வயலென்பதிலும் பார்க்க அரசின் நுகத்தடியில் ஓரிடம் என்பதே பொருந்தும்.

அதே காலத்திற் கால்களும் கட்டப்பட்டன. ஊர்த்தலைவன் அறியாமற் குடிபெயர்தல் குற்றமாகப் பார்க்கப்பட்டது. இரவில் தங்கும் அந்நியரைப் பற்றி அவனுக்கு அறிவிக்கவேண்டும். ஊர் வாயிலிற் காவற்கொட்டிலும், அதில் தொங்கும் கெந்தொங்கான் என்னும் மரப்பறையும், முறைவைத்து ஆடவர் செய்யும் ரொண்டா என்னும் இரவுக்காவலும் பண்டைய கிராமத்தின் அழகிய மரபுகளாகப் பின்னர் போற்றப்பட்டன. கள்வரைத் தடுக்க அவை உதவியது உண்மையே; போவோர் வருவோரைக் கணக்கெடுக்கவும் அவை உதவின. இவ்வளவு கட்டுக்கும் அடங்காமல், 1849-50 இல் தெமாக், குரொபோகான் மாவட்டங்களிற் பஞ்சம் வந்தபோது மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு ஓடினர். ஓடியவருட் பலர் வழியிலேயே மடிந்தனர்.

1868-69 இல் ஒல்லாந்த அரசு 800 இற்கு மேற்பட்ட கிராமங்களில் நிலவுரிமை பற்றி விரிவான விசாரணை நடத்தியது. அதன் அறிக்கையிற் காணப்பட்ட பொதுவுடைமை, ஆசியக் கிராமத்தின் தொன்மையான இயல்பு எனப் பலராலும் கொள்ளப்பட்டது. அறிஞர் யான் பிரெமன் முதலியோர் 1980களில் இதனை மறுத்தனர். மூடிய, தன்னிறைவான, பொதுநிலக் கிராமம் என்பது பெருமளவுக்குக் குடியேற்ற ஆட்சியின் விளைபொருளே என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இது ஒரே அளவிற் பொருந்தாது எனினும், நடுயாவாவின் வடகரை மாவட்டங்களைப் பொறுத்தவரை இவ்வாதமே வலுவுடையது எனலாம்.

ஆண்கள் ஊழியத்தாற் பிணிக்கப்பட்டிருந்த காலத்திலும் பெண்கள் நடந்துகொண்டிருந்தனர். யாவாவின் வாரம் ஐந்து நாள் கொண்டது: லெகி, பாகிங், பொன், வாகே, கிளிவோன். அயலூர்ச் சந்தைகள் இந்நாட்களை மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்டன. விடியுமுன் எழுந்து, செலெந்தாங் என்னும் நீண்ட துணியால் முதுகிற் கூடையைக் கட்டிக்கொண்டு, இன்று ஒரு சந்தைக்கும் நாளை வேறொரு சந்தைக்கும் நடந்தோர் பெண்களே. சிறு வாணிகமும் வீட்டுப் பணமும் அவர்கள் கையில் இருந்தன. பாரம் காவும் முறையிலும் வேறுபாடு உண்டு: ஆண் தோளில் தடியிட்டு இருபுறமும் இரு கூடைகள் காவுவான், பெண் முதுகில் ஒரு கூடை சுமப்பாள். மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் கொடுக்கும் மரபுரிமை வழக்கை, செபிக்குல் செகெந்தொங்கான், அதாவது ஒரு காவுதடிச் சுமையும் ஒரு முதுகுச் சுமையும், என்றே யாவா மக்கள் வழங்கினர். சொத்தின் அளவையை வீதியிற் காவும் பாரத்திலிருந்து எடுத்த சமூகம் இது. இவ்விரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் இசுலாமிய விதியோடு இயைவதே. ஆனால் சம பங்கு கொடுத்த ஊர்களும் பல.

மணத்தின்போது ஒவ்வொருவரும் கொண்டுவந்த சொத்து மணமுறிவில் அவரவரிடமே திரும்பும். மணவாழ்விற் கூடித் தேடியது கொனோ-கினி எனப்பட்டு இருவருக்கும் பங்காகும். 1707 இல் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தொகுப்பித்த தேசவழமையின் தேடியதேட்டத்தை இது நினைவூட்டும். சந்தைக்கு நடந்த பெண் கொண்டுவந்த காசுக்கு அவளுக்கும் உரிமை உண்டு என்பதை யாவா வழக்கு மறுக்கவில்லை.

1870 ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஐரோப்பிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்தது. உரிமை நிரூபிக்கப்படாத நிலம் அரசுடையது என அறிவிக்கப்பட்டு, தரிசு நிலம் 75 ஆண்டு வரையான குத்தகைக்கு விடப்பட்டது. கரும்பாலைகள் ஊர் வயல்களைச் சுழற்சியிற் குத்தகைக்கு எடுத்தன. இதற்கு மூன்றாண்டு முன்னர், 1867 இல், செமாராங்கிலிருந்து தங்குங் வரை 25 கிலோமீற்றரில் யாவாவின் முதற் புகையிரதம் ஓடியது. சீனி, புகையிலை ஏற்றவே பாதை இடப்பட்டது. ஆயினும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கிராமத்தவர் நிரப்பினர். முதுகுக் கூடையுடன் பெண்கள் புகையிரதம் ஏறிய காட்சி, அசையாத உழவன் என்ற கற்பனைக்கு நேரான மறுப்பாகும்.

அப்போது நிலைமை தலைகீழாகியிருந்தது. 1815 இல் றாபிள்ஸ் மதிப்பிட்ட யாவாவின் குடித்தொகை ஏறக்குறைய 46 இலட்சம். 1930 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் மதுராவும் சேர்ந்து அது 4 கோடி 17 இலட்சம். ஓடிச் சென்று திருத்துவதற்குத் தரிசு நிலம் இல்லை. இனிச் செல்பவர் விடுதலை தேடிச் செல்லவில்லை. கூலி தேடிச் சென்றனர். கீழ்ச் சுமாத்திராவின் டெலித் தோட்டங்களில், 1880 ஆம் ஆண்டின் கூலிச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தை முறித்தவர் தண்டனைக்கு உள்ளாயினர். அங்கே யாவா மக்களுக்கு அயலில் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். 1890 முதல் இரண்டாம் உலகப்போர் வரை ஏறத்தாழ 33,000 பேர் தென்னமெரிக்காவின் சூரினாமுக்கு ஏற்றப்பட்டனர். 1905 இல் பகெலேன் பகுதியிலிருந்து 155 குடும்பங்கள் தென்சுமாத்திராவின் லம்புங்கிற் குடியேற்றப்பட்டன. அவர்கள் அமைத்த ஊருக்கும் பகெலேன் என்றே பெயரிட்டனர்.

விடுதலைக்குப் பின் 1960 ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் நிலவுச்சவரம்பை விதித்து மிகுதியைப் பங்கிட முனைந்தது. பங்கீடு தாமதித்தமையால் 1963 முதல் நடுயாவாவிலும் கீழ்யாவாவிலும் குத்தகை உழவர் தாமே வயல்களிற் புகுந்தனர். 1965-66 இன் படுகொலைகளில் அவ்வியக்கம் இரத்தத்தில் மூழ்கியது. அதன் பின்னர் நிலச் சீர்திருத்தம் என்ற சொல்லை ஊர்க்கூட்டத்தில் உச்சரிக்கவும் பல்லாண்டுகள் எவரும் துணியவில்லை. பசுமைப் புரட்சி வந்தது. கதிரை ஒவ்வொன்றாகக் கொய்யும் அனி-அனி என்னும் சிறு கத்தியின் இடத்தை அரிவாளும், பெண்களின் உலக்கையின் இடத்தை அரிசி ஆலையும் பிடித்தன. அறுவடைக்கு வந்த எவருக்கும் பங்கு என்ற பவோன் வழக்கம் சுருங்கிற்று. வேலையிழந்தோரை 1970களில் ஊரூராக ஓடத் தொடங்கிய கோல்ற் சிற்றுந்துகள் நகரத்துக்கு ஏற்றிச் சென்றன. வயலில்லாத ஊரிலும் வளவை விடாது வைத்திருந்து, நோன்புப் பெருநாளுக்கு இலட்சக்கணக்கில் ஊர் திரும்பும் இன்றைய முடிக் என்னும் பயணம் அவர்களோடு பெருகியதே.

வளவு நின்றது, வீடு நடந்தது. 2006 மே 27 ஆம் நாள் யொக்யகர்த்தாப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் பின், கொத்தகெடேயில் இடிந்த பழைய ஜொக்லோ வீடுகளை மீளக் கட்டுவதற்கு வசதியற்ற குடும்பங்கள் பல அவற்றை விற்றன. தூண்கள் கழற்றப்பட்டு, இலக்கமிடப்பட்டு, பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு, வாங்கியவரின் ஊர்களுக்குச் சென்றன.