கூரையில் பிடித்த வெயில்

முதலில் பழி விழுந்தது ஒளியின் மீதுதான். 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தியடோர் டெரி என்ற கண் வைத்தியர், குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெள்ளைப் படலம் திரண்டு பார்வை போயிருப்பதைப் பதிவு செய்தார். கருப்பையின் இருட்டில் இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்திருக்க வேண்டிய கண். வேளைக்கு முன்பே வெளிச்சம் பட்டதால்தான் கெட்டதோ என்று சந்தேகம் எழுந்தது. குழந்தைகளின் கண்களைக் கட்டி வைத்தும் பார்த்தார்கள். நோய் குறையவில்லை.

உண்மையான காரணம் உயிர் காக்கக் கொடுத்த ஒட்சிசனில் இருந்தது. 1951இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கேற் கெம்பல் அதைச் சுட்டிக்காட்டினார். அளவில்லாமல் ஒட்சிசன் கொடுத்தால் பார்வை போகிறது என்பதை 1953இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு உறுதி செய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்திருந்தார்கள். ஒளி மீதான வழக்கு முழுமையாக முடிய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. வெளிச்சத்தில் 97 சதவீதத்தைத் தடுக்கும் கண்ணாடியைக் குழந்தைகளுக்குப் போட்டு நடத்திய அமெரிக்க ஆய்வு 1998இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 58 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒளி குற்றமற்றது என்று அன்றுதான் முடிவானது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதே ஒளி இன்னொரு வாசல் வழியாக இந்த நோய்க்கு வைத்தியமாக வந்துவிட்டது.

அந்த வழி ஜேர்மனியில் தொடங்குகிறது. 1945 ஜூலை 9ஆம் திகதி நேர்ந்த சூரிய கிரகணத்தை ஒரு மருத்துவ மாணவர் வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையில் சூடு வாங்கிக்கொண்டார். அந்தத் தழும்பைப் பார்த்த கேர்ஹாட் மேயர்-ஷ்விக்கராத் என்ற கண் வைத்தியருக்கு ஒரு யோசனை வந்தது: பிரியப் பார்க்கும் விழித்திரையை இதே போன்ற சூட்டினால் ஒட்ட வைக்க முடியாதா? ஹம்பேர்க் வைத்தியசாலைக் கூரையில் கண்ணாடிகளைப் பொருத்தி, வெயிலைப் பிடித்து, கீழே நோயாளியின் கண்ணுக்குள் இறக்கினார். பலன் கிடைத்தது. ஆனால் மேகம் மூடினால் அன்று வைத்தியம் இல்லை. ஆகவே வெயிலுக்குப் பதிலாக முதலில் காபன் விளக்கு வந்தது. பிறகு 1950களில் ஸைஸ் கம்பனி செய்த செனன் விளக்கு வந்தது. 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையில் பகல் இருண்ட அந்தப் பெரிய கிரகண காலத்தில், கிரகணம் கற்றுக்கொடுத்த பாடம் ஐரோப்பாவில் கருவியாகிக்கொண்டிருந்தது.

அந்தச் செனன் ஒளியைக் குறைமாதக் குழந்தையின் கண்ணில் முதன்முதலாகப் பாய்ச்சியவர் ஜப்பானின் தென்ரி நகர வைத்தியர் மக்கோத்தோ நகாட்டா. 1967இல் செய்ததை 1968இல் எழுதி வெளியிட்டார். 1960இல் பிறந்த லேசர் செனனை மெல்ல ஓரங்கட்டியது. 1990களில் லேசர் கையில் தூக்கிச் செல்லும் பெட்டி அளவுக்குச் சுருங்கியது. கூரை அளவு இடம் கேட்ட வெயில், இப்போது வைத்தியரின் தலையில் மாட்டிய விளக்கின் வழியாக இறங்குகிறது.

சூடு எப்படி மருந்தாகும்? விழித்திரையின் குருதிக் குழாய்கள் கருவின் நாலாம் மாத அளவில் கண்ணின் பின்பக்க நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. நிறைமாதத்தில்தான் ஓரம் வரை போய்ச் சேரும். குழந்தை முந்திப் பிறந்து ஒட்சிசன் மிகும்போது அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. சில வாரம் கழித்து, குருதி கிடைக்காத ஓரப் பகுதி பசியில் கூப்பாடு போடுகிறது. அதைக் கேட்டு ஒழுங்கற்ற புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும். லேசர் செய்வது அந்தப் பசித்த ஓரத்தைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு அடக்குவது. ஒரு கண்ணுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டுகள் தேவைப்படலாம். ஓரப் பார்வையில் கொஞ்சம் போகும். நடுப் பார்வை தப்பும். கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தும் இப்போது உண்டு. ஆனால் அதன் பிறகு நோய் திரும்புகிறதா என்று நெடுநாள் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வைத்தியத்துக்குக் கெடு மிகக் குறுகியது. இந்திய வழிகாட்டலின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. நோய் முற்றிய நிலை தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தாக வேண்டும். 1996இல் சென்னையின் ஓர் அரசு வைத்தியசாலையில் 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பெற்றோரிடம் அந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. 2015 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. அந்தக் குழந்தைக்கு இல்லாமல் போனது கருவியல்ல. வேளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வார்த்தை.

இனி இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளைக்கு வருவோம். 1924இல் ரயில் வந்து நின்ற கடைசி ஸ்டேஷன் இது. இதற்கு அப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று தோட்டங்கள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. மழைக் காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடும். நாட்டில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் தோட்டப்புறத்தில்தான் அதிகம். எடை குறைந்ததெல்லாம் குறைமாதம் அல்ல. தாயின் சத்துக் குறைவால் நிறைமாதத்திலும் சின்னதாகப் பிறக்கும் பிள்ளைகள் பலர். அதனால்தான் குழப்பம். "எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் சின்னதாத்தான் பொறக்கும்" என்ற பேச்சில் உண்மையான குறைமாதப் பிள்ளையும் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. செங்கமாரிக்காக நீல விளக்கின் கீழ் படுத்திருந்த பிள்ளையைத் தாய் பார்த்திருப்பாள். 1956இல் இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்ற தாதி, வெயில் பட்ட தோலில் மட்டும் மஞ்சள் குறைவதைக் கவனித்ததில் தொடங்கிய வைத்தியம் அது. அந்த விளக்கு கண்ணுக்கானதல்ல. அதன் கீழ் கண்ணை மூடித்தான் வைப்பார்கள். வீட்டில் கிழவி கேட்பாள்: "அதான் வெளிச்சத்துல வச்சிட்டாங்களே, புள்ள முழிச்சு முழிச்சுப் பாக்குதே, இன்னும் என்ன கண் சோதனை?" மருத்துவிச்சி பதில் சொல்வாள்: "பாக்குற மாதிரிதான் ஆத்தா இருக்கும். உள்ள கெட்டுப் போறது வெளிய தெரியாது. திகதி தவறாம கொண்டு போங்க."

அந்தத் திகதி பெரும்பாலும் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகே வருகிறது. தாய் பிரசவ லீவில் இருப்பாள். துணைக்குப் போகிறவருக்குத்தான் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். கையில் இருக்கும் வைத்தியசாலை அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் படித்துச் சொல்ல லயத்தில் ஆள் தேட வேண்டும். இந்தியாவில் இந்தத் தூரத்தைக் கருவியே கடக்கிறது. 2008 முதல் பெங்களூரிலிருந்து கர்நாடக மாவட்டங்களுக்குக் கமராவோடு போகும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் குழந்தையின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் வைத்தியர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார். கோயம்புத்தூர் அரவிந்த் கண் வைத்தியசாலையின் வாகனமும் இதே வேலையாக ஊர் ஊராகப் போகிறது. வளைவு ரோடுள்ள ஊவாவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

அதுவரை செய்யக்கூடியது சின்ன வேலைதான். குறைமாதப் பிள்ளையோடு வார்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு தாயின் கையிலும், எந்த நாள், எந்த வைத்தியசாலை, தவறினால் என்ன ஆகும் என்று தமிழில் எழுதிய துண்டு ஒன்று இருக்க வேண்டும். அதன் பிரதி அந்தத் தோட்டத்து மருத்துவிச்சியிடம் போக வேண்டும். லேசர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதே கணக்கில் பஸ் காசையும் போன அந்தப் பேரையும் எழுதட்டும். ஆயிரம் பொட்டுச் சூட்டுக்கு ஆகும் செலவில் இதுவும் சேர்ந்ததுதான்.