ஐஎஸ்ஃபெட்

கரைசலின் பிஎச் அளவை அறிய உதவும் சிலிக்கான் சில்லு. 'அயனி உணர் புலவிளைவு டிரான்சிஸ்டர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர். மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையின் பெயர் அச்சிலேயே வார்க்கப்பட்டது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பீட் பெர்க்வெல்டு இதை உருவாக்கி 1970-இல் வெளியிட்டார். அவர் நோக்கம் நரம்பியல் அளவீடு; பிஎச் மீட்டராகப் புகழ்பெற்றது பிற்பாடுதான்.

மாஸ்ஃபெட்டின் வாயிலில் இருக்கும் உலோகத்தை நீக்கினால் அடியிலுள்ள ஆக்சைடு படலம் நேரே கரைசலில் நனையும். படலத்தின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும் அல்லது விடும். அதனால் மாறும் மின்னூட்டம் கீழே ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டும், குறைக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் என்பது கோட்பாட்டு உச்சம். சிலிக்கான் டைஆக்சைடு அதை எட்டுவதில்லை. டான்டலம் பென்டாக்சைடு நெருங்கிவிடும். வடிவமைப்பாளர்கள் பலர் இதை விரும்புவது அதனால்தான்.

வழக்கமான பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்முனைபோல் உடையாது என்பதால் இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் நேரே குத்தி அளக்கலாம். ஆனால் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அடிக்கடி அளவுதிருத்தம் வேண்டும். சில்லை எவ்வளவு சுருக்கினாலும் ஒப்பீட்டு மின்முனை ஒன்று கூடவே இருந்தாக வேண்டும். அதைச் சுருக்குவதுதான் இத்துறையின் உண்மையான தலைவலி.